கல்லடிக்கு என்ன காப்பு? ஆஃப்-ரோடு வண்டியின் பெயின்டைக் காக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புது வண்டியை ஷோரூமிலிருந்து எடுத்ததும் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பம்பரில் ஒரு கறுப்புக் கயிற்றையும் கட்டிவிட்டால் கண்ணடிக்கு வழி செய்தாயிற்று. கல்லடியோ, முதல் மலைப்பயணம் முடிந்து வண்டியைக் கழுவும்போது பானட்டின் முன்விளிம்பில் மிளகளவு வெள்ளைப் புள்ளிகள் நான்கைந்து தெரிந்த பிறகுதான் நம் நினைவுக்கு வருகிறது. தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளில் ஒன்றை அண்மையில் வாங்கி, அதைத் தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்ளாமல் கல்குவாரிச் சாலை, தோட்டப் பாதை, மலைக்கிராமத்து மண்சாலை என்று கொண்டுபோக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த வேலையை முதலில் செய்ய வேண்டும், எதற்குப் பணம் செலவழிக்கலாம், எது வெறும் மினுமினுப்பு என்பதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்லிச் செல்கிறேன்.

காக்கப்போவது ஒரு தாளின் தடிமன்

தொழிற்சாலையில் வண்டியின் கூட்டை முழுவதுமாகத் தொட்டியில் முக்கி, மின்சாரத்தின் உதவியால் ஏற்றும் துருத்தடுப்புப் பூச்சு சுமார் 20 மைக்ரான் இருக்கும் (ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அதன்மேல் 30 முதல் 40 மைக்ரான் வரை ப்ரைமர் என்ற அடிப்பூச்சு, அதன்மேல் 15 முதல் 20 மைக்ரான் வரை நிறம், எல்லாவற்றுக்கும் மேலே 40 மைக்ரானை ஒட்டிய கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு. இந்த நான்கு அடுக்குகளும் சேர்ந்து, ஜெராக்ஸ் கடையில் வாங்கும் ஒரு வெள்ளைத் தாளின் தடிமனைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். வேகமாக வரும் கூரான கருங்கல் சில்லு ஒன்றுக்கு இது பெரிய தடையல்ல.

இதிலிருந்தே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. கல்லைத் தடுப்பது தடிமனும் நெகிழ்வும்தான். பளபளப்புக்கும் கல்லடிக்கும் தொடர்பில்லை. வண்டி எடுத்த அன்றே பல இடங்களில் விற்கப்படும் செராமிக் கோட்டிங், காய்ந்த பிறகு ஓரிரு மைக்ரான் தடிமனே கொண்டது. அது தண்ணீரை உருண்டோட வைக்கும், சேறு ஒட்டுவதைக் குறைக்கும், கழுவும் வேலையை எளிதாக்கும். அதற்காக அதைப் போடுவதில் தவறில்லை. ஆனால் கல்லடிக்கு என்று சொல்லி அதை விற்பவரிடம், ஒரு தாளே தாங்காத அடியை அந்தத் தாளில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாத பூச்சு எப்படித் தாங்கும் என்று கேட்டுப் பாருங்கள். மெழுகுப் பாலிஷுக்கும் டெஃப்லான் என்ற பெயரில் விற்கும் பூச்சுக்கும் இதே கேள்விதான்.

அடி எங்கே விழுகிறது என்று பாருங்கள்

பணம் எதையும் செலவழிக்கும் முன் ஒரு மாதம் வழக்கம்போல் வண்டியை ஓட்டுங்கள். பிறகு நன்றாகக் கழுவித் துடைத்து, மாலை மங்கிய வெளிச்சத்தில் கைப்பேசி விளக்கைத் தகட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, வண்டியை ஒரு சுற்று மெதுவாகச் சுற்றி வாருங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத புள்ளிகளெல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் தெரியும். ஒவ்வொரு புள்ளியின்மேலும் சிறு காகித டேப் துண்டு ஒன்றை ஒட்டிக்கொண்டே வந்து, கடைசியில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். உங்கள் வண்டிக்கு எங்கே காப்பு வேண்டும் என்பதை அந்த டேப் துண்டுகளே சொல்லிவிடும்.

பொதுவாக மூன்று இடங்களில் அவை கூட்டமாக இருக்கும். பானட்டின் முன்விளிம்பும் அதை ஒட்டிய முகப்பும் முதலாவது. சாய்ந்த மூக்குள்ள காரில் பட்டுச் சறுக்கிப் போகும் கல், நிமிர்ந்த முகப்புள்ள இந்த வண்டிகளில் நேர்க்குத்தாக மோதி நின்றுவிடுகிறது. முன்கண்ணாடியின் இருபக்கத் தூண்களுக்கும் கூரையின் முன்விளிம்புக்கும் இதே கதிதான். கதவுகளின் கீழ்ப்பகுதியும் அதற்கும் கீழே ஓடும் பட்டையும் இரண்டாவது. பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உடல் அகன்று வெளியே வரும் வளைவு மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் உங்கள் முன் டயர் எறிந்த கற்களால் வந்தவை. அடுத்த வண்டிக்காரனைத் திட்டுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் கவனிக்கலாம். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுபவர்கள். எதிரே வரும் வண்டி எறியும் கல் வலப்பக்கத்தில் படுகிறது. ஒற்றைத்தடப் பாதையில் எதிரே வருபவருக்கு ஒதுங்கி வழிவிடும்போதெல்லாம் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் இடப்பக்கத்தைக் கீறுகின்றன. என் வண்டியில் வலப்பக்க முகப்பில் புள்ளிகளும் இடப்பக்கக் கதவுகளில் நீளக் கோடுகளும் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆனது. பணம் குறைவாக இருந்து இரண்டு பக்கத்தில் ஒன்றுக்குத்தான் பெயின்டின்மேல் பாதுகாப்பு பிலிம் ஒட்ட முடியும் என்றால், நீங்கள் போகும் பாதையில் கல் அதிகமா முள் அதிகமா என்று பார்த்துப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதல் வேலை: மட்ஃப்ளாப்

பிலிம் பற்றிப் பேசத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் டயருக்குப் பின்னால் தொங்கவிடும், சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும் மட்ஃப்ளாப் செய்யும் வேலையை ஆயிரக்கணக்கில் செலவாகும் பிலிம் செய்யாது, ஏனென்றால் பிலிம் கல்லைத் தாங்குகிறது, மட்ஃப்ளாப் கல்லை வரவே விடுவதில்லை. டயரின் வெட்டுகளில் சிக்கிய கல், டயர் சுழலும் வேகத்திலேயே, அதாவது வண்டி ஓடும் அதே வேகத்திலேயே பின்புறமாக மேலெழுந்து தெறிக்கிறது. சாலைக்கான டயரை மாற்றி, வெட்டுகள் அகன்ற மட்-டெரெய்ன் டயர் போட்டவர்களுக்கு, அந்த வெட்டுகள் கட்டைவிரல் நுனியளவு கற்களையும் கவ்விக்கொண்டு வருவது தெரிந்திருக்கும். அகலமான டயரோ, வெளியே தள்ளி நிற்கும் வீலோ போட்டு, டயரின் ஓரம் மட்கார்டைத் தாண்டி வெளியே தெரிந்தால், அந்த வெளிப்பட்ட பகுதி எறியும் கல்லைத் தடுக்க எதுவும் இல்லை. அத்தனையையும் கதவுதான் வாங்கிக்கொள்ளும்.

மட்ஃப்ளாப் டயரின் முழு அகலத்தையும் மறைக்க வேண்டும். இருபுறமும் விரலளவு கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. அழகுக்காக விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைவிட, லாரி உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் 5 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் ஷீட்டை வாங்கி அளவாக வெட்டிப் பொருத்துவது எனக்குப் பிடித்த வழி. மெல்லியது வேகத்தில் பின்னால் பறந்து, தேவையான நேரத்தில் கல்லுக்கு வழிவிட்டு நிற்கும். சாலையில் ஓடும்போது அதன் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருந்தால்தான் பயன் உண்டு. ஆனால் பாறையில் ஏறிவிட்டுப் பின்வாங்கும்போது அதே மட்ஃப்ளாப் டயருக்கும் பாறைக்கும் இடையில் சிக்கி, மட்கார்டின் விளிம்போடு பிய்த்துக்கொண்டு வரும். ஆகவே கீழ்முனையில் ஒரு துளை போட்டு, சிறு சங்கிலியோ நைலான் கயிறோ மாட்டி, கரடுமுரடான இடத்தில் மேலே தூக்கிக் கட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முன் டயருக்குப் பின்னால் மாட்டியதும் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதுமாகத் திருப்பி, டயர் உரசுகிறதா என்று சோதிக்க வேண்டும். தகட்டில் ஏற்கெனவே உள்ள துளைகளையும் திருகாணிகளையும் பயன்படுத்த முடிந்தால் புதுத் துளை போட வேண்டாம். போட்டே ஆக வேண்டும் என்றால், துளையின் உள்விளிம்பில் ப்ரைமரும் பெயின்டும் தொட்டுவைத்துக் காய்ந்த பிறகே போல்ட்டை முடுக்குங்கள். கல்லடியிலிருந்து காப்பதற்காகப் போட்ட துளையிலிருந்தே துரு தொடங்கிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

சட்டம் அனுமதிப்பது எது

முன்பக்கம் ஒரு பெரிய இரும்பு பம்பர் கார்டு மாட்டிவிட்டால் கல்லும் படாது, மாடும் இடிக்காது என்ற எண்ணம் பலருக்கு வரும். கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாகக் கல் தாராளமாக வரும் என்பது ஒருபுறமிருக்க, 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இத்தகைய கிராஷ் கார்டுகளின்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. மோதலின்போது ஏர்பேக் சென்சார்கள் சரியான நேரத்தில் வேலை செய்யாமல் போகக்கூடும் என்பதும், மோதப்படும் பாதசாரிக்குக் காயம் கடுமையாகும் என்பதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. நிறமும் அந்த விவரங்களில் ஒன்று. ஆகவே நிறமுள்ள வினைல் ஒட்டி வண்டியின் நிறத்தையே மாற்றுபவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதைப் பதிவுசெய்ய வேண்டும். நிறமற்ற பாதுகாப்பு பிலிமுக்கு அந்தத் தொல்லை இல்லை. வினைலும் ஏறக்குறைய பெயின்டின் தடிமன் கொண்டதுதான் என்றாலும், அது அலங்காரத்துக்கான பொருள். கீறலை ஓரளவு ஏற்குமே தவிர, அடியை உள்வாங்கிக்கொள்ளும் நெகிழ்வு அதற்கு இல்லை.

பிலிம் ஒட்டுவது

பெயின்ட் பாதுகாப்பு பிலிம், சுருக்கமாக பிபிஎஃப், தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. இந்த வகைப் பிலிமின் மூதாதை, ஹெலிகாப்டர் இறக்கைகளின் முன்விளிம்பை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்க ஒட்டப்பட்ட பாலியூரித்தேன் டேப். நல்ல பிலிமின் தடிமன் 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். தொழிற்சாலைப் பெயின்டின் நான்கு அடுக்குகளையும் சேர்த்தால் வருவதைவிட இது அதிகம். அடி பட்டதும் உள்வாங்கி மீண்டும் எழும் நெகிழ்வும் இதற்கு உண்டு. கல்லுக்கென்று செலவழிப்பதாக இருந்தால் இதற்குச் செலவழியுங்கள்.

முழு வண்டிக்கும் ஒட்டினால் செலவு ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். காட்டுப்பாதையில் ஓடும் வண்டிக்கு அது தேவை என்று நான் நினைக்கவில்லை. டேப் துண்டுகள் கூட்டமாக இருந்த இடங்களுக்கு மட்டும் ஒட்டினால் போதும்: பானட் முழுவதும், முன்தூண்கள், கூரையின் முன்விளிம்பில் ஒரு சாண், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, கதவுகளின் கீழ்ப்பாதி, பின்சக்கர வளைவின் முன்பகுதி. பானட்டில் பாதிக்கு மட்டும் ஒட்டுவது மலிவுதான். ஆனால் நடுவில் ஓடும் பிலிமின் விளிம்பில் செம்மண் படிந்து, ஆறு மாதத்தில் நெற்றியில் பட்டை போட்டதுபோல் ஒரு கோடு தெரியும்.

கடைக்காரர் காட்டும் பட்டியலை நம்புவதைவிட, உள்ளங்கையளவு மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதை இரு கைகளாலும் இழுத்துவிடுங்கள். பாலியூரித்தேன் பிலிம் இழுபட்டு மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். அதன் பெயரில் விற்கப்படும் மலிவான பிவிசி பிலிம் பெரும்பாலும் இழுத்த இடத்தில் தளர்ந்து சுருக்கத்தோடு நிற்கும். பிவிசி நம் ஊர் வெயிலில் நாளடைவில் மஞ்சளித்து இறுகிவிடும், பிறகு உரித்தெடுப்பது நரக வேலை. கீறல் தானாக ஆறும் என்று சொல்லப்படும் பிலிமாக இருந்தால், மாதிரித் துண்டைத் தட்டையான இடத்தில் ஒட்டி, மெல்லிய பித்தளைக் கம்பித் தூரிகையால் லேசாகத் தேய்த்து, அதன்மேல் ஒரு டம்ளர் வெந்நீரை ஊற்றுங்கள். நல்ல பிலிமில் சிலந்திவலைபோல் இருந்த கோடுகள் உங்கள் கண்ணெதிரே சில நொடிகளில் மறையும். இந்த வித்தை மேற்பரப்பின் மெல்லிய கீறலுக்கு மட்டும்தான். முள் ஆழமாகக் கிழித்ததும் கல் துளைத்ததும் ஆறாது. உத்தரவாதப் பத்திரத்திலும் அது வராது. மஞ்சளித்தல், விளிம்பு உரிதல், குமிழ் எழுதல் ஆகியவற்றுக்கே பெரும்பாலும் உத்தரவாதம் தருகிறார்கள்.

ஒட்டும் முறையில் நீங்கள் கண்காணிக்க வேண்டிய இடம் கத்தி. பிலிமை இரண்டு விதமாக வெட்டலாம். வண்டி மாடலுக்கு ஏற்பக் கணினியில் அளவெடுத்து, இயந்திரத்தில் வெட்டிக் கொண்டுவந்து ஒட்டுவது ஒன்று. பெரிய துண்டாக வண்டியின் மேலேயே விரித்து, விளிம்பில் கத்தியால் வெட்டுவது இன்னொன்று. இரண்டாவது முறையில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் கை ஒரு நூலளவு அழுந்தினாலும் கத்தி பிலிமோடு பெயின்டையும் சேர்த்து வெட்டிவிடும். என்னுடைய முந்தைய வண்டியில் அப்படித்தான் நடந்தது. பானட்டில் ஒட்டிய பிலிமை இரண்டு ஆண்டுகள் கழித்து உரித்தபோது, விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே, ரூல் தடி வைத்துக் கிழித்ததுபோல் நேரான கோடு ஒன்று, முடியிழை அகலத்தில், பழுப்பு நிறத்தில் ஓடியது. விரலால் தடவினால் தெரியாத அந்தக் கோட்டில் துரு இறங்கியிருந்தது. அதன்பிறகு, மேலேயே வைத்து வெட்டுவீர்களா என்ற கேள்வியைத்தான் எந்தக் கடையிலும் முதலில் கேட்கிறேன்.

ஒட்டுவதற்கு முன் வண்டி கழுவப்பட்டு, தகட்டில் பதிந்த இரும்புத்தூள் அதற்கான திரவத்தால் நீக்கப்பட்டு, களிமண்போல் இருக்கும் கிளே பார் கொண்டு வருடி வழுவழுப்பாக்கப்பட வேண்டும். ஏற்கெனவே உள்ள கல்லடிப் புள்ளிகளை முன்னதாகவே சரிசெய்துவிட வேண்டும். மூடிவிட்டால் மறைந்துவிடும் என்று நினைத்தால், மறைவது நம் கண்ணுக்கு மட்டும்தான். டிங்கரிங் கடையில் மறுபெயின்ட் அடித்த பாகமாக இருந்தால் குறைந்தது ஒரு மாதமாவது காயவிட்டு ஒட்டுங்கள். தொழிற்சாலையில் சுமார் 140 டிகிரி வெப்பத்தில் சுட்டெடுக்கும் பெயின்டின் பிடிப்பு, கடையில் 60 டிகிரி அறையிலோ, அதுவும் இல்லாமல் வெயிலிலோ காய்ந்த பெயின்டுக்கு வராது. பின்னால் பிலிமை உரிக்கும்போது அது கூடவே உரிந்து வரக்கூடும். பழைய வண்டி வாங்கியவர்கள், எந்தப் பாகம் மறுபெயின்ட் ஆனது என்று தடிமன் அளவியால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒட்டி முடித்த பிறகு ஒரு வாரம் வண்டியைக் கழுவக் கூடாது. பிலிமுக்கு அடியில் தெரியும் சிறு நீர்க்குமிழ்கள் சில நாட்களில் தாமாகவே வற்றிவிடும். தூசித்துகள் சிக்கியிருந்தால் அது வற்றாது. அதை அன்றே காட்டி மாற்றி ஒட்டச் சொல்ல வேண்டும்.

கீழ்ப்பட்டைக்குத் தனி வைத்தியம்

கதவுக்குக் கீழே ஓடும் பட்டையில் கல் மட்டும் படுவதில்லை, பாறையே உரசும். அங்கே பிலிம் நீடிக்காது. பிக்கப் வண்டிகளின் சரக்குத் தொட்டிக்குள் அடிக்கப்படும், தொட்டால் சொரசொரப்பாக இருக்கும் இருபாகப் பாலியூரித்தேன் பூச்சு இந்த இடத்துக்குப் பொருந்தும். உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, துடைத்து, இரண்டு கோட்டிங் அடித்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் ஒருமுறை அடித்தால் எடுக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு அடியுங்கள். வண்டிக்கு அடியில் அடிக்கும் ரப்பர் கோட்டிங்கைத் துருவேறிய இடத்தின்மேல் அப்படியே அடித்தால், அது ஈரத்தை உள்ளே பூட்டிவைத்துத் துருவை வளர்க்கும். கீழ்ப்பட்டையிலும் கதவின் அடிவிளிம்பிலும் தண்ணீர் வடிய விடப்பட்டிருக்கும் சிறு துளைகளை எந்தப் பூச்சும் அடைத்துவிடாதபடி டேப் ஒட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். துளை அடைபட்டால் பட்டை உள்ளிருந்து அரிக்கும். பாறை ஏறுவதே உங்கள் விருப்பம் என்றால், சேஸிஸில் பொருத்தப்படும் ராக் ஸ்லைடர் என்ற கனத்த இரும்புச் சட்டம்தான் பட்டையைக் காக்கும். ஏறி இறங்குவதற்காக விற்கப்படும் படிப்பலகை பாறையின் அடியைத் தாங்காது, அதுவே வளைந்து கதவை அழுத்தும்.

ஓட்டும்போது

கல்லின் அடி வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 40 கி.மீ. வேகத்தில் படும் அடியைவிட 80-இல் படுவது நான்கு மடங்கு. 60-க்கும் 80-க்கும் இடையிலேயே ஒன்றே முக்கால் மடங்கு வித்தியாசம் உண்டு. புதிதாக ஜல்லி கொட்டி உருட்டிய சாலையில் 30-ஐத் தாண்டாமல் போனால் பிலிமுக்கும் பெயின்டுக்கும் பாதி வேலை குறைந்துவிடும்.

குவாரிப் பக்கம் ஜல்லியோ எம்-சாண்டோ ஏற்றிக்கொண்டு தார்ப்பாய் மூடாமல் போகும் டிப்பர் லாரியின் பின்னால் ஒட்டிப் போவதைப்போல் பெயின்டுக்குக் கேடு வேறில்லை. மேலிருந்து உதிர்வதைவிட, பின்பக்கம் ஜோடியாக இருக்கும் இரண்டு டயர்களுக்கு நடுவே சிக்கிய கல் மோசமானது. அது எப்போது விடுபடும் என்று சொல்ல முடியாது. முந்த முடிந்தால் இடம் பார்த்து ஒரேயடியாக முந்திவிடுங்கள், முடியாவிட்டால் ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் முந்த இடம் கிடைப்பது அரிது. அங்கே இடைவெளிதான் ஒரே வழி. நாலைந்து வண்டிகளாகச் சேர்ந்து மண்சாலையில் போகும்போது, முன்வண்டியின் புழுதி அடங்கிச் சாலை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தூரம் விடுங்கள். மண்பாதை முடிந்து தார்ச்சாலையில் ஏறும் இடத்தில் இறங்கி, டயர் வெட்டுகளில் சிக்கிய பெரிய கற்களை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. வேகம் எடுத்ததும் அந்தக் கற்கள்தாம் கதவைப் பதம் பார்த்திருக்கும்.

கழுவுவதில் வரும் சேதம்

வீட்டுக்கு வந்த வண்டியின்மேல் படிந்த புழுதியை உலர்ந்த துணியால் தட்டித் துடைப்பது, வண்டி முழுவதையும் உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். புழுதி படிந்த வண்டிக்குக் கவர் போட்டு மூடினாலும் காற்றில் கவர் ஆடி ஆடி அதே வேலையைச் செய்யும். முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை ஊறவைத்து வடியவிட வேண்டும். சக்கர வளைவுகளுக்குள் அப்பியிருக்கும் சேற்றைக் கடைசியில் அல்ல, முதலில் அடித்து இறக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுவி முடித்த கதவில் அது தெறிக்கும். அதன்பிறகே ஷாம்பு. வாட்டர் சர்வீஸில் கொடுத்தால், அழுத்தக் குழாயின் முனையைப் பிலிமின் விளிம்புக்கும் கல்லடி பட்ட இடத்துக்கும் ஓரடிக்குள் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லுங்கள். விளிம்பு கிளம்பிவிட்டால் பிறகு மண் உள்ளே போகும். தனுஷ்கோடி, தூத்துக்குடி உப்பளப் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலை என்று போய்வந்தால் அன்றே கழுவுவதுதான் முறை, ஏனெனில் திறந்த புள்ளியில் உப்பு படிந்தால் துரு நாள்கணக்கிலேயே தலைகாட்டும்.

பட்டுவிட்டால்

எல்லாம் செய்தும் புள்ளி விழத்தான் செய்யும். அதன் ஆழத்தை முதலில் பாருங்கள். தொட்டால் நகம் மாட்டாத வெளிறிய தடம், கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது என்று பொருள்; பாலிஷில் போய்விடும் அல்லது அப்படியே விடலாம். சாம்பல் நிறம் தெரிந்தால் ப்ரைமர் வரை வந்திருக்கிறது. ஒரு மாதத்துக்குள் சரிசெய்யலாம். தகடு மின்னினாலோ ஆரஞ்சு நிறம் தெரிந்தாலோ அந்த வாரமே கவனிக்க வேண்டும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அதிலுள்ள புள்ளி எவ்வளவு ஆழமானாலும் துருப்பிடிக்காது. அது கடைசியில் பார்க்க வேண்டியது.

பக்கத்து டிங்கரிங் கடையில் காட்டினால், “பானட் முழுக்க பட்டி பாத்து ஒரு கோட் அடிச்சிடலாம் சார், புதுசாட்டம் ஆயிடும்” என்றுதான் சொல்வார்கள். மிளகளவு புள்ளிக்காகத் தொழிற்சாலைப் பெயின்டைச் சுரண்டுவது நட்டம். வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை இது. ஓட்டுநர் கதவின் தூணிலோ பானட்டுக்குள் இருக்கும் தகட்டிலோ பெயின்டின் நிறக் குறியீடு எழுதியிருக்கும். அதைச் சொல்லி டச்-அப் பெயின்டும் ஒரு சிறு கிளியர் கோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். புள்ளியைக் கழுவிக் காயவைத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெழுகு போகத் துடையுங்கள். 800 எண் உப்புத்தாளை மிகச் சிறிதாக வெட்டிப் பல்குச்சி முனையில் ஒட்டி, புள்ளிக்குள் மட்டும் சுழற்றித் துருவையும் தளர்ந்த விளிம்பையும் எடுத்துவிடுங்கள். தகடு தெரியும் இடத்தில் ப்ரைமரை ஒரு துளி வைத்துக் காயவிட்டு, புதிய பல்குச்சி முனையால் நிறத்தை நடுவில் தொட்டால் அது தானாகவே விளிம்புவரை பரவும். பாட்டில் மூடியிலேயே வரும் தூரிகை இதற்குப் பெரிது. அதைப் பயன்படுத்தினால் மிளகு சுண்டைக்காய் ஆகிவிடும். பெயின்ட் காய்ந்தால் சுருங்கும் என்பதால், அரை மணி நேர இடைவெளியில் இரண்டு மூன்று முறை வைத்து, சுற்றியுள்ள மட்டத்துக்குச் சற்று மேலே எழும்பி நிற்கும்படி செய்து, மறுநாள் கிளியர் கோட் ஒரு துளி வையுங்கள். ஒரு வாரம் கழித்து 2500 எண் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அந்த மேட்டை மட்டும் மட்டமாக்கிப் பாலிஷ் போட்டால் பத்தடியில் தெரியாது. பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் பெயின்ட் உள்ள வண்டியில் இந்தக் கடைசிப் படியை மட்டும் செய்யாதீர்கள். அந்த இடம் பளபளத்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிலிம் மேல் பட்ட கல் பிலிமைத் துளைத்திருந்தால், அந்தத் துளையை அப்படியே விட்டு ஓட்டினால் அதன் வழியாகச் செம்மண்ணும் ஈரமும் இறங்கி, சுற்றிலும் நாணயமளவு பழுப்பு வளையம் பரவும். அந்தப் பாகத்தின் பிலிமை மட்டும் மாற்றிவிடுவது நல்லது. உரிக்கும்போது வெயிலில் நிறுத்தியோ ஹேர் டிரையரால் சூடாக்கியோ, ஒரு மூலையிலிருந்து தொடங்கி, பிலிமைத் தகட்டை விட்டு நேராக மேலே தூக்காமல், தகட்டோடு படிந்தாற்போல் தாழ்வாக மடித்து மெதுவாக இழுங்கள். மீந்த பசையைத் தின்னரால் தொடாமல், அதே ஆல்கஹால் நனைத்த மைக்ரோஃபைபர் துணியை இரண்டு நிமிடம் மேலே போட்டுவைத்துப் பிறகு வழித்தெடுங்கள். புதிய துண்டை ஒட்டுமுன், கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து அந்தப் பாகத்தை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.